கோறணமேந்துக் கோழிகள்

காரைநகர்க் கரையில் நின்று பார்த்தால் கடலுக்குள்ளே ஒரு கோட்டை குந்திக்கொண்டிருக்கும். ஒல்லாந்தர் அதற்கு வைத்த பெயர் ஹம்மன்ஹீல். இலங்கைத் தீவு அவர்கள் கண்ணுக்குப் பன்றித் தொடையாகத் தெரிந்திருக்கிறது. கோட்டை அதன் குதி. எங்கள் ஆட்களுக்கு அதே தீவு அரசாங்கக் கச்சேரி மேசையாகத் தெரிந்தது. பசி ஒன்றுதான்.

"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்க வேணும்" என்பது எங்கள் பக்கத்து வேதம். தென்னிலங்கையில் கடை வைத்துக் காசு குவித்த காரைநகராரும் மகளுக்குத் தேடியது கிளாக்கர் மாப்பிள்ளையைத்தான். கல்லாப்பெட்டி பென்ஷன் தருமோ? வெள்ளிக்கிழமைக் கெசற் வந்துவிட்டால் திண்ணையில் புராண படனம் தோற்றுப்போகும். ஒருவர் இங்கிலீசில் வாசிக்க, மற்றவர் தமிழில் பயன் சொல்லுவார். பின்வரிசையில் பெண்ணைப் பெற்றவர்கள்.

வேதம் இருந்தால் கடவுள் வேண்டாமா? சோல்பரி அரசியலமைப்பு அனுப்பிவைத்தது: பகிரங்க சேவை ஆணைக்குழு. மூன்று பேர். நியமனம், இடமாற்றம், பதவிநீக்கம். அதாவது படைத்தல், காத்தல், அழித்தல். பாராளுமன்ற உறுப்பினர் எவரும் அதில் உட்காரக்கூடாது என்று சட்டம் சொல்லியது. அசுரரைத் தள்ளிவைத்த ஏற்பாடு.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. மும்மூர்த்திகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அர்ச்சனை மொழிதான் மாறியது. துரைமாருக்கே இங்கிலீசு இலக்கணம் திருத்தின கிளாக்கர்மார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சிங்கள அரிச்சுவடியில் 'அ'னா பழகினார்கள். ஒருவர் மறுத்தார். பெயர் கோடீஸ்வரன்; வழக்கோ வருடாந்தச் சம்பள உயர்வு கிடைக்காததற்கு. பெயர் வைத்த பெற்றோர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம். 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியன் சம்பளம் கேட்டு முடியின்மேல் வழக்குப் போடமுடியாது என்றது. 1969இல் லண்டன் பிரிவிக் கவுன்சில், தாராளமாகப் போடலாம் என்றது. மொழிச்சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்வியை மட்டும் கொழும்புக்கே திருப்பி அனுப்பிவிட்டது. கப்பலில் போன பார்சல் பிரிக்காமலே வந்து சேர்ந்த கதை.

பார்சலை யாரும் பிரிக்கவில்லை. 1972இல் புது அரசியலமைப்பு வந்து, சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த சோல்பரியின் 29ஆம் பிரிவையும் ஆணைக்குழுவையும் ஒரே துடைப்பத்தால் கூட்டித் தள்ளியது. மூலஸ்தானத்தில் அமைச்சரவையே ஏறிக் குந்திக்கொண்டது. வாசலுக்கு இரண்டு துவாரபாலகர்: ஆலோசனைச் சபை ஒன்று, ஒழுக்காற்றுச் சபை ஒன்று. 1978இல் கடவுளை மறுபடி பிரதிஷ்டை செய்தார்கள். கோயில் சாவி அமைச்சரவையின் மடியிலேயே இருந்தது.

2001இல் 17ஆவது திருத்தம் சாவியைப் பிடுங்கியது. ஆணைக்குழுவின் தீர்மானத்தில் தலையிட முனைந்தால் ஒரு இலட்சம் ரூபா வரை தண்டம், ஏழு வருடம் வரை மறியல். இதை நான் எங்கள் மாமிக்கு வரிவரியாக வாசித்துக் காட்டினேன். மகனின் விண்ணப்பத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தபடி பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி தம்பி, இப்ப ஆரைப் பிடிச்சால் நடக்கும்?"