எறும்பு – வேஸ்ட்

என் முதல் மேக்ரோ லென்ஸை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் வாங்கினேன். 2009. ஒரு 70-300 ஜூம். அதன் கழுத்தில் ‘மேக்ரோ’ என்று போட்டிருந்தது. “என்ன எடுக்கப் போறீங்க தம்பி?” என்றார் கடைக்காரர். “எல்லாமேதாண்ணே. கோபுரம், கிரிக்கெட், எறும்பு.” “அப்ப இதான்” என்று பில் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கோபுரம் நன்றாகவே வந்தது.

எறும்புதான் வரவில்லை. அப்போது வீட்டுக் கொல்லையில் ஒரு மாமரம், அதில் இலைகளைச் சேர்த்துத் தைத்த முயிற்றுக் கூடுகள். மேக்ரோவில் 1:1 என்றால் ஒரு சென்டிமீட்டர் முயிறு சென்சாரிலும் ஒரு சென்டிமீட்டராக விழும். என் ஜூமோ 1:2; அதில் பாதிதான். அதையும் 300-இல் வைத்து, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தள்ளி நின்று, கை நடுங்க எடுக்க வேண்டும். வந்ததெல்லாம் சிவப்புத் தீற்றல்.

அடுத்தது, 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாக மாட்டும் வித்தை. வளையம் சில நூறு ரூபாய்தான். திருப்பி மாட்டியதும் அப்பர்ச்சர் மூடிக்கொண்டு வியூஃபைண்டர் இருட்டிவிடும். லென்ஸின் பின்னால் இருக்கும் குட்டி நெம்புகோலைத் தள்ளி, பஸ் டிக்கெட்டை மடித்து அடைகொடுப்பேன். படம் கத்தி மாதிரி வந்தது. ஆனால் லென்ஸுக்கும் கூட்டுக்கும் சில விரற்கடைதான் இடைவெளி. முயிறுகள் கேமராவில் ஏறி, அங்கிருந்து என் இமைக்கு வந்தன. கடித்துவிட்டு, அந்த இடத்திலேயே அமிலத்தையும் பீய்ச்சுகிற ஜாதி அது.

அதற்குப் பிறகுதான் ‘நிஜ’ மேக்ரோவுக்குக் காசு சேர்த்தேன். 40, 60, 100 என்று மூன்று அளவு. மூன்றும் 1:1 தானே, எதற்கு அதிகம் கொடுப்பது என்று 40-ஐக் கையில் எடுத்துவிட்டேன். குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் 16 செ.மீ. என்று போட்டிருந்தது, தாராளம் என்று பட்டது. அந்த 16, சென்சாரிலிருந்து அளப்பது. கேமராவின் தலையில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட ஒரு குறி இருக்குமே, அங்கிருந்து. கேமராவின் கனத்தையும் லென்ஸின் நீளத்தையும் கழித்தால் மிச்சம் மூன்றரை சென்டிமீட்டர். மோதிரமும் பூவும் எடுக்கிறவருக்கு அது போதும். முயிற்றுக்கு என் நிழலே விழுந்துவிடும். நல்ல வேளையாக அன்றைக்கும் இமை வீங்கியிருந்தது; 40-ஐக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது என்னிடம் 100 இருக்கிறது. எதிரே அரைச் சாணுக்கு மேல் இடம் விடும். அதன் ஆட்டோஃபோகஸுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தேன். வாங்கிய வாரமே அதை அணைத்துவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டித்தான் ஃபோகஸ் பிடிக்கிறேன். எஃப் 2.8 வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியதை எஃப் 11-க்குக் கீழே இறக்குவதே இல்லை. 11-இல்கூடத் தெளிவாக விழுவது ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். கண்ணைப் பிடித்தால் மீசை போய்விடும். ஃபிளாஷ் வெளிச்சத்தை மெத்தென்று பரப்புவது தயிர் டப்பா மூடி. கருவிகளிலேயே எனக்குத் திருப்தி தந்தது அதுதான்.

இப்போது தேடுவது முயிற்றையும் அல்ல. முயிறு வேஷம் போட்ட சிலந்தியை. அதே நிறம், அதே இடுப்பு, முன்னங்கால் இரண்டையும் மீசை போலத் தூக்கிக்கொண்டு நடக்கும். கொல்லை மாமரம் கார் ஷெட்டுக்காகப் போய்விட்டதால், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்புக்குப் போய் வெறுங்கையோடு வருகிறேன். முயிறு கடித்த கையோடு என்று சொல்ல வேண்டும்.

போன மாதம் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காலி செய்ய உட்கார்ந்தேன். ‘எறும்பு – வேஸ்ட்’ என்று ஒரு ஃபோல்டர். அந்த ஜூமில் எடுத்த இருநூற்றுச் சொச்சம் படங்கள். அழித்துக்கொண்டே வந்தபோது ஒன்றில் கை நின்றது. கூட்டத்தை விட்டு விலகி, இலை நுனியில் தனியாக ஒரு முயிறு. கலங்கல்தான். திரையில் பென்சில் முனையை வைத்துக் கால்களை எண்ணினேன். நம்பாமல் மனைவியைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன்.

“எட்டு” என்றாள். “ஏன், எத்தனை இருக்கணும்?”