கிளிக் கணக்கர்

கோயம்புத்தூரில் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஏதாவது ஒரு பேக்கரி வாசலில் மண்பாதை பைக்குகள் வரிசைகட்டி நிற்கும். எல்லோரும் டீயும் கையுமாக இருக்க, ஒருவர் மட்டும் வண்டியருகே குத்தவைத்து, கண்ணை மூடி, முன்சக்கர ஃபோர்க்கின் தலையிலுள்ள திருகை, ஒவ்வொரு 'கிளிக்'குக்கும் காதுகொடுத்துத் திருப்பிக்கொண்டிருப்பார். "பதினொன்னு... பன்னெண்டு..."

"அண்ணா, தேங்காய் பன்னு?"

எண்ணிக்கை போச்சு. திருகை முழுக்க மூடிவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். அதற்கு முன் பன்னை வாங்கிக்கொள்வார். அவர்தான் கிளிக் கணக்கர்.

ஆளை அடையாளம் காண்பது எளிது. இடுப்பில் இன்ச் டேப். ஃபோர்க் குழாயில் ஒரு பிளாஸ்டிக் டை. பள்ளத்தில் விழுந்தபோது ஃபோர்க் எதுவரை அமுங்கியது என்பதற்கு அதுவே சாட்சி. பையில் ஒரு நோட்டு. அதில் தேதி, இடம், ஷாக் அமுங்கும் கம்ப்ரெஷன், திரும்ப எழும் ரீபவுண்ட், டயர் காற்று எல்லாம் இருக்கும். வீட்டுக்காரம்மா வாங்கிவரச் சொன்ன சாமான் மட்டும் இருக்காது.

டீ ஆறுவதற்குள் பாடம் தொடங்கிவிடும். "லோ ஸ்பீடுன்னா வண்டி மெதுவாப் போறதுன்னு நெனச்சீங்களா? பிரேக் புடிச்சா மூக்கு மெல்ல எறங்குதே, அது லோ ஸ்பீடு. கல்லுல டங்குனு அடிக்குதே, அது ஹை ஸ்பீடு. வண்டி வேகம் இல்லீங்க, ஷாக்குக்குள்ள தண்டு போற வேகம்!"

சொல்வதில் ஒரு எழுத்து தப்பிருக்காது. 1976-இல் ஸ்வீடனில் கென்த் ஓலின் ஷாக் கம்பெனி தொடங்கியதையும், 1978-இல் சோவியத் வீரர் கென்னாடி மொய்செயெவ் அந்த ஷாக்கோடு 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வென்றதையும் சொந்த அத்தை மகன் கல்யாணம்போல விவரிப்பார். பாடம் முடியும்போது மற்றவர்கள் ஓட்டிவிட்டே திரும்பியிருப்பார்கள்.

அவர் வண்டி, எக்ஸ்பல்ஸ் 200 4வி புரோ. சீட் உயரம் 891 மில்லிமீட்டர். ஏறுவதற்குத் திண்ணை தேட வேண்டும். அதனாலென்ன, பின்சக்கரத்துக்கு 220 மில்லிமீட்டர் ஆட்டம் உண்டே!

அந்தப் பின்பக்கம்தான் ஒருநாள் காலை வாரியது. வண்டி பின்னால் அமுங்கி, முன்சக்கரம் திருப்பத்தில் சொல்பேச்சு கேட்கவில்லை. எந்தக் கிளிக்குக்கும் மசியாததால் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். மெக்கானிக் தம்பி திருகைத் தொடவே இல்லை.

"ஏறி உக்காருங்ணா."

ஆள் உட்கார்ந்தால் மொத்த ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 70 மில்லிமீட்டர், அமுங்கலாம். 95 காட்டியது.

"டேப் பழசு" என்றார் கணக்கர்.

தம்பி ஸ்பிரிங்கை இறுக்கினான். 72 வந்தது. கணக்கர் வெற்றியோடு நோட்டை எடுத்தார்.

"இருங்ணா, எறங்குங்க."

ஆள் இல்லாதபோதும் வண்டி தன் எடைக்குக் கொஞ்சம் அமுங்க வேண்டும். இது விறைத்துக்கொண்டு நின்றது.

"பாத்தீங்ளா? இறுக்குனா ஸ்பிரிங் கெட்டியாகாதுங்ணா, நிக்கிற உயரந்தான் மாறும். இந்த ஸ்பிரிங் உங்களைத் தாங்காது. எத்தனை கிலோ இருக்கீங்க?"

"எழுபது."

"எப்பப் பாத்தது?"

"பொண்ணு பாக்கப் போனப்ப."

மகள் இப்போது காலேஜ் படிக்கிறாள். கிளிக், மில்லிமீட்டர், காற்று என்று எல்லாம் ஏறிய நோட்டில் அந்த ஒரு எண் மட்டும் ஏறவேயில்லை.

"ரெண்டு வழி இருக்குதுங்ணா. ஒன்னு, கெட்டி ஸ்பிரிங். இன்னொன்னு..." தம்பியின் பார்வை பெல்ட்டுக்கு மேலே போய் மரியாதையாகத் திரும்பியது.

"ஸ்பிரிங்கே போட்டுரு கண்ணு."

"போட்டா ரீபவுண்டும் மாத்தோணும். கெட்டி ஸ்பிரிங் வேகமாத் திருப்பி ஒதைக்கும். மறுபடி மொதல்ல இருந்து செட் பண்ணோணும், பரவால்லீங்களா?"

கணக்கர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். நோட்டில் புதுப் பக்கம் புரட்டி, மேலே பிள்ளையார் சுழி போட்டார்.