வண்டி மினுக்கியல்: ஒரு முன்னாய்வு

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் ஞாயிறுதோறும் நடைபெறும் கார் மினுக்குதல் என்னும் வினையைத் தமிழ் ஆய்வுலகம் இதுகாறும் உரிய மரியாதையுடன் நோக்கவில்லை. கோலத்தை ஆராய்ந்தோம், தாலாட்டை ஆராய்ந்தோம். பனியன் அணிந்த குடும்பத் தலைவர் பானட்டின் மேல் குனிந்து தோள் வலிக்கத் தேய்ப்பதை மட்டும் எவரும் பொருட்படுத்தவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களம் சென்னை. ஆய்வுக் காலம் சித்திரை முதல் ஆயுத பூசை வரை. அதன்பின் மழை வந்து தரவுகளைக் கரைத்துவிடுகிறது.

கருதுகோள் இது: வீட்டில் மினுக்குபவர் சிந்தும் வியர்வையில் பெரும்பங்கு, துடைத்துத் துடைத்து உண்டாக்கிய கீறல்களை நீக்குவதற்கே போகிறது. எனவே வேலையைச் சுருக்க விரும்புபவர் முதலில் துடைப்பதைச் சுருக்க வேண்டும்.

முதற்கண் மேனியின் அடுக்கு. தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். நான்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70. கடன் வாங்கிக் கார் எடுத்தவர் காட்டிப் பெருமைப்படும் பளபளப்பு முழுவதும் அரைமுடிக் கனத்தில் அடங்கியிருக்கிறது. பாலிஷ் போடும்போது அதிலிருந்துதான் சுரண்டி எடுக்கிறோம். பாலிஷ் எடுப்பது, மெழுகு பூசுவது. இந்த வேறுபாடு தெரியாமல் மாதாமாதம் ரப்பிங் காம்பவுண்டு போடுபவர், மினுக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு காரைத் தேய்த்தே தீர்க்கிறார்.

இனிக் கீறலின் தோற்றுவாய். வெயிலில் நிற்கும் கறுப்புக் காரை உற்று நோக்கின், சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் வட்டக் கோடுகள் தெரியும். வட்டமாகத் துடைத்ததால் வட்டமாக விழுந்தது என்பர் ஒரு சாரார். அக்கூற்றுப் பொருந்தாது. தலையை நகர்த்திப் பார்த்தால் வலையும் கூடவே நகர்கிறது. கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. ஒளிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னி, பிம்பத்தைச் சுற்றி வட்டமிட்டதாகத் தோன்றுகின்றன. ஆகவே நேர்கோட்டில் துடைத்தவரும் குற்றவாளியே. இருப்பினும் நேர்கோட்டில் துடைப்பது நல்லது, கீறல் எல்லாக் கோணத்திலும் கண்ணில் படாது என்பதால்.

கீறுவது துணியன்று, துணிக்கடியில் இருக்கும் மணல். தெருப் புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் கிளியர் கோட்டைவிடக் கடினமானது. இங்கே ஆய்வு ஒரு நுட்பமான சமூகச் சிக்கலை எதிர்கொள்கிறது. பல குடியிருப்புகளில் விடியற்காலையில் வாட்ச்மேன் ஒரே வாளித் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு கார்களைத் துடைக்கிறார். முதல் காரின் மண், கடைசிக் காருக்குப் போய்ச் சேருகிறது. அதே மஞ்சள் துணி சில சமயம் டயரையும் சந்தித்துவிட்டு பானட்டுக்குத் திரும்புகிறது. அவர்மேல் பிழையில்லை, தினமும் துடைக்க வேண்டும் என்று கேட்டவர்கள் நாம்.

முறை வருமாறு. நிழல் வேண்டும், தகடு கைக்குச் சூடு தெரியாமல் இருக்க வேண்டும். "வெயிலில்தான் நன்றாகப் பிடிக்கும்" என்னும் வாய்மொழி மரபு கீழ்த்தளமெங்கும் வழங்குகிறது. வெயிலில் பிடிக்கும் என்பது உண்மை, விடாது என்பது அதன் மறுபாதி. முதலில் வெறும் தண்ணீரை அடித்து மண்ணை ஓட்டுக. பின் இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணி அலசத் தண்ணீர். மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும், அழுக்கு அதிகம் அடியில்தான். போர் தண்ணீரானால் தானாகக் காய விடக்கூடாது. உப்புக் கறை வட்டம் வட்டமாக உட்கார்ந்துவிடும்.

கழுவிய பின் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் தகட்டைத் தடவிப் பார்க்கவும். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் தெரியும். பிரேக்கிலிருந்து பறந்த இரும்புத் துகளும் மரப் பிசினும் ஒட்டியிருக்கின்றன என்பது அதன் பொருள். கிளே பார் என்னும் களிமண் கட்டியை வழுக்கும் திரவம் தெளித்து நகர்த்தினால் அவை வந்துவிடும். கீழே விழுந்த கட்டியை எடுத்து மறுபடி தேய்ப்பவருக்கு இவ்வாய்வு எவ்வகையிலும் உதவாது.

பாலிஷுக்குக் கை போதுமா, மெஷின் வேண்டுமா என்பது பெரும் சர்ச்சை. கையால் கார் முழுதும் கீறல் நீக்க முயன்றவர் மறுநாள் சட்டைப் பொத்தானைப் போடச் சிரமப்படுவார். பட்டறையில் ஓடும் ஒரே அச்சில் சுழலும் மெஷின் வேகமானது. பழகாத கையில் ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயின்ட்டைச் சூடாக்கி உரித்துவிடும். சுழன்றபடியே அச்சு விலகி ஆடும் டூயல் ஆக்ஷன் மெஷின் வீட்டுக்கு ஏற்றது. இரண்டடிக்கு இரண்டடிப் பரப்பாகப் பிரித்துக்கொள்க. பஞ்சில் பட்டாணியளவாய் மூன்று நான்கு சொட்டு, மெதுவான நகர்வு, பாதிக்குப் பாதி மேற்படிதல். மென்மையான பாலிஷில் தொடங்கி, ஒரு மூலையில் சோதித்து, போதவில்லை என்றால் மட்டும் கடுமையானதற்குப் போக வேண்டும். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கின்றனர். பஞ்சை அவ்வப்போது பிரஷ்ஷால் சுத்தம் செய்யாவிட்டால், எடுத்த கழிவையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருப்போம்.

மெழுகுக்கு வருவோம். புகழ்பெற்ற கார்னவ்பா மெழுகு வடகிழக்கு பிரேசிலின் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து கிடைக்கிறது. வறண்ட காலத்தில் நீர் வற்றாதிருக்க அம்மரம் தனக்காகச் சுரந்துகொள்வது அது. 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் உருகும். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாவதும் இதுவே. ஆனால் டப்பாவில் வேறு எண்ணெய்களும் கரைப்பான்களும் கலந்திருப்பதால் யாரும் நக்கிப் பார்க்க வேண்டியதில்லை. இதில் சிக்கனமே திறமை. தடித்துப் பூசினால் மினுக்கம் கூடாது, துடைக்கும் வேலைதான் கூடும். கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் முன்னதாக மாஸ்கிங் டேப் ஒட்டுவது, பிறகு பல்துலக்கும் பிரஷ்ஷோடு உட்கார்ந்து வெள்ளைக் கறையைச் சுரண்டும் மாலைப் பொழுதை மிச்சப்படுத்தும்.

மெழுகு இருக்கிறதா என்பதற்குத் தண்ணீரே சாட்சி: முத்து முத்தாய் நின்றால் உண்டு, விரிந்து படுத்தால் போயிற்று. பாத்திரம் கழுவும் சோப்பு அதை விரைவில் கழற்றிவிடும். காக்கை எச்சத்தையும், பூசைக்கு வைத்த சந்தனத்தையும் உலர்ந்தபின் சுரண்டாமல், ஈரத் துணியைச் சற்று நேரம் போர்த்தி ஊறவிட்டு எடுக்க வேண்டும். எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு. வெயிலில் விட்டால் கிளியர் கோட்டை அரித்துக் குழியாக்கும்.

நடைமுறைப் பரிந்துரை ஒன்றே ஒன்று. அடுத்த மாதம் வாட்ச்மேனுக்குக் காசு கொடுக்கும்போது ஒரு வாளியும் நாலைந்து மைக்ரோஃபைபர் துணிகளும் சேர்த்துக் கொடுங்கள். தினமும் துடைக்க வேண்டாம், வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும் என்று சொல்லுங்கள். வேலை குறைந்ததென்று காசைக் குறைத்துவிடாதீர்கள்.