செம்புத் தகடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும்

சிவகாசிப் பட்டாசு ஆலைகளில், வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் மண்ணுக்குள் இறங்கிய பிறகுதான் அனுமதி. சரவெடிக்கு அவ்வளவு மரியாதை.

நோயாளிக்கும் மரியாதை உண்டு, காகிதத்தில். இதயத்தை நேரடியாகத் தொடும் கருவியிலிருந்து கசியும் மின்சாரம், இயல்பான நிலையில் 10 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்கிறது மருத்துவ மின்கருவிகளுக்கான சர்வதேசத் தரநிலை ஐஇசி 60601. அதாவது ஒரு ஆம்பியரில் லட்சத்தில் ஒரு பங்கு. அந்தத் தரநிலையை ஐஎஸ் 13450 என்ற இந்தியத் தரநிலையாக நாமும் ஏற்றுக்கொண்டோம். ஏற்றுக்கொள்வதில் நமக்கு எப்போதும் தாராளம்தான். பிறகு பல வார்டுகளில் அந்தக் கருவியை எர்த் பின் ஒடிந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, பக்கத்திலேயே செல்போன் சார்ஜரையும் மாட்டி, ஆடும் பிளக்கைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுகிறோம். பிளாஸ்திரிக்கு அங்கே பஞ்சமா?

மின்சாரம் கசிந்தால் மட்டுமல்ல, நின்றாலும் ஆபத்துதான். 2019 மே 7 இரவு, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மின்சாரம் போனது, ஜெனரேட்டரும் கைவிட்டது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் சிலர் இறந்தார்கள். மின்தடை என்றார்கள் உறவினர்கள். நோயின் தீவிரம் என்றது நிர்வாகம்.

அடுத்த முறை யாரையாவது பார்க்கப் போனால், ஆர்லிக்ஸ் பாட்டிலை வைத்த கையோடு, கட்டிலோரப் பிளக்குக்கு எர்த் பின்னோடு மூன்று கால் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள், நீங்களே பிடுங்கிவிடாதீர்கள்.