வேட்டி கட்டிய சீசர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலை வட்டாரத்தில், பள்ளி ஆண்டுவிழாக் காலத்தில் மட்டும் வெளிப்பட்டு மறையும் மாந்தர் வகையை 'வேடம் கட்டும் அப்பா' எனலாம். பகலெல்லாம் கார் உதிரிபாகங்களை வெர்னியர் வைத்து அளந்து, மயிரிழை பிசகினாலும் ஒதுக்கித் தள்ளும் இவர், ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகையில், மறுநாள் மாறுவேடப் போட்டிக்குப் பிள்ளை ஜூலியஸ் சீசராக வர வேண்டும் என்ற வாட்ஸ்அப் செய்தியைக் கண்டு, வாடகைக் கடைக்காரர் சொன்ன தொகையையும் கேட்டு, "இதெல்லாம் வீட்லயே செஞ்சிடலாம்" என்று அறிவிப்பார். அதைக் கேட்டதும் அம்மா, கல்யாணப் பட்டு வேட்டி இருக்கும் பீரோவின் சாவியை ஒளித்துவைப்பார்.

சீசர் வேடத்துக்கு வேண்டிய 'டோகா' என்பது ரோமானிய ஆடவர் போர்த்திய கம்பளி மேலாடை. அரைவட்டத்தை ஒத்த வடிவில், பெரியவர்களுக்கு ஏறத்தாழ 5.5 மீட்டர் நீண்டு, இடத்தோளில் தொடங்கி, முதுகைச் சுற்றி, வலக்கைக்கு அடியாக வந்து, மீண்டும் இடத்தோளிலேயே விழும். எட்டு முழ வேட்டி சுமார் 3.6 மீட்டர்தான் என்றாலும் மூன்றரை அடிப் பிள்ளைக்கு அது போதும் என்பதை அப்பா செல்போன் கணக்கில் நிறுவிவிடுவார். ரோமானியர் இடக்கையை மடக்கிப் பிடித்தே அதை நழுவாமல் காத்தனர். தரக்கட்டுப்பாட்டுத் துறையில் ஊறிய அப்பாவுக்கு அந்த நம்பிக்கை கிடையாது, ஆகவே 11 ஊக்குகள். உள்ளே அணியும் 'துனிக்கா' என்னும் தளர்ந்த அங்கிக்குக் கம்பெனி கொடுத்த டீ-ஷர்ட், முத்திரை தெரியாதபடி உட்புறம் வெளியாகத் திருப்பப்படும்.

வேட்டியின் அரக்குக் கரையைச் சக்கரவர்த்திச் சின்னம் என்று அப்பா விளக்குவார். உண்மையில் செந்நீலக் கரையிட்ட டோகாவை உயர்பதவியாளர் மட்டுமன்றி, வயதுக்கு வராத குடிமக்கள் வீட்டுச் சிறுவரும் அணிந்தனராதலால், பிள்ளையின் உடை அப்பாவின் அறியாமையாலேயே வரலாற்றுக்குப் பொருந்திவிடுகிறது.

தலைக்குச் சூடும் 'லாரல்' இலை முடிக்குச் சமையலறைப் பிரிஞ்சி இலை எடுக்கப்படும். தாவரவியலில் இரண்டும் ஒரே குடும்பம். வழுக்கையை மறைத்ததால் சீசர் அம்முடியைப் பெரிதும் விரும்பினார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதினார். பிள்ளைக்கோ அடர்ந்த சுருள்முடி. காய்ந்த இலை ஒட்ட ஒட்ட நொறுங்க, "ஏங்க, ஞாயித்துக்கிழமை பிரியாணிக்கு நாலாவது மிச்சம் வைங்க" என்ற குரல் எழ, கடைசியில் வாசல் தோரணத்து மாவிலை சீசரின் தலைக்கு ஏறும்.

சோழ மன்னனின் சீற்றத்துக்குத் தப்ப, உடையவர் எனப்படும் ராமானுசர் காவி நீக்கி வெள்ளையுடுத்திச் சென்றார் என்பது வைணவ மரபு. அவர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் அக்கோலம் 'வெள்ளைச் சாத்துப்படி' என்று விழாவாகவே நடைபெறுகிறது. எனவே காலையில் வெள்ளை போர்த்தித் தெருவில் இறங்கும் சிறுவனைக் கண்ட எதிர்வீட்டுப் பாட்டி, "யாரு கண்ணு, உடையவரா?" என்று கைகூப்புவது இயல்பே. அப்பா மறுப்பதில்லை, மாவிலையை மட்டும் எடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு வேடத்துக்குச் செலவே இல்லை என்று அவர் மனம் அதற்குள் கணக்குப் போட்டிருக்கும்.