இத்தாலி வண்டி

சொத்துப் பிரிவினையில் அண்ணனுக்கு ஊர் நிலம், அக்காவுக்குப் பாட்டியின் இரட்டை வடச் சங்கிலி, எனக்கு அப்பாவின் லாம்ப்ரெட்டா. வண்டியை என் பெயருக்கு மாற்ற மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும் என்றார்கள். நிலத்துப் பத்திரத்தை ஒரு கமா விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட அண்ணன், இதைப் படிக்காமலே போட்டார். அக்கா போட்டுவிட்டு, "மனசு மாறிட மாட்டியே?" என்று என்னைக் கேட்டாள்.

எங்கள் வீட்டில் அதற்கு இத்தாலி வண்டி என்றுதான் பெயர். புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து, 1968-ல் அப்பா எடுத்த வண்டி. மிலான் நகரத்து லாம்ப்ராத்தே பகுதியில், இன்னொசென்டி கம்பெனி 1947-ல் முதல் லாம்ப்ரெட்டாவை வெளியே விட்டது வாஸ்தவம். ஆனால் எங்கள் வண்டியைப் பூட்டியது பம்பாய் ஏ.பி.ஐ. கம்பெனி. இது அப்பாவுக்கும் தெரியும். இருந்தாலும் அத்தனை வருஷம் காத்திருந்தவர் பம்பாயோடு திருப்தி அடைவாரா? கடைசிவரை இத்தாலி என்றே சொல்லிவந்தார்.

அப்பாவின் காலத்துக்குப் பிறகு கார் ஷெட்டில் பழைய பாய்களுக்கு அடியில் கிடந்த வண்டியை, கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே ஒரிஜினலாக ஆக்கிக் காட்டுகிறேன் என்று நான் ஒரு பண்டிகை நாளில், சாப்பாடு கொஞ்சம் கூடிப்போன நேரத்தில், எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். மனைவி மறுக்கவில்லை. நான் அடுத்து என்ன செய்யப்போகிறேனோ என்று பயந்துகொண்டே இருப்பவள், இது ஷெட்டோடு முடிகிற விஷயம் என்று நிம்மதி அடைந்தாள்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் நிறையப் படித்தேன். இன்னொசென்டி முதலில் ஸ்கூட்டர் வடிவமைக்கச் சொன்னது தஸ்கானியோ என்கிற ஹெலிகாப்டர் இன்ஜினியரிடம். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்குப் பிடிக்காது. இன்னொசென்டிக்கோ குழாய் வியாபாரம். வண்டியைக் குழாயில்தான் கட்டவேண்டும் என்றார். இவர் தகட்டில்தான் என்றார். சண்டை முற்றி, தஸ்கானியோ பியாஜியோவிடம் போய்ச் சேர, அங்கே 1946-லேயே வெஸ்பா பிறந்துவிட்டது. இதையெல்லாம் எங்கள் தெருமுனை மெக்கானிக் பாயிடம் உணர்ச்சியோடு சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைக்காமல், கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எல்லாம் சரி சார், பிளக்கக் கழட்டிப் பாத்தீங்களா?" என்றார்.

கழற்றினேன். பிளக்கோடு ஆரம்பித்த கை நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் வண்டி ஷெட் முழுக்கப் பரவியிருந்தது. அப்போதுதான் அப்பாவின் ரகசியங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பெட்ரோல் டேங்கின் அடியில் கசிவை அடைத்துக்கொண்டிருந்தது பார் சோப்பு. டேப்பில் வாஷர் இருக்கவேண்டிய இடத்தில் பழைய செருப்புத் தோல். ஹெட்லைட் ஆடாமல் இருக்கச் சைக்கிள் டியூப். டூல்ஸ் பெட்டியில் ஒரு உப்புத்தாள், ஒரு பல் தேய்க்கும் பிரஷ், நடுவில் மடித்துப் பத்திரமாக யாரோ ஒருவரின் கல்யாணப் பத்திரிகையிலிருந்து கிழித்த அட்டை. மாப்பிள்ளை பெயர் போயிருந்தது. "தங்கள் நல்வரவை நாடும்" மட்டும் பாக்கி.

ஒரிஜினல் என்று வாக்குக் கொடுத்தவன் இவற்றோடு குடித்தனம் நடத்த முடியுமா? சோப்பு, தோல், டியூப், அட்டை எல்லாவற்றையும் குப்பைக்கு அனுப்பினேன். டேங்குக்கு வெல்டிங், பாடிக்கு டிங்கரிங், இன்ஜினுக்கு ரீபோர், புதுப் பிஸ்டன். புதுப்பேட்டையில் கிடைத்த சாமான்களை எல்லாம் "லோக்கல்" என்று ஒதுக்கினேன். கடைக்காரர், "சார், இதைவிட்டா கிடைக்காது" என்றார். அவருக்கு உலகம் தெரியாது என்று பரிதாபப்பட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்து, ஐரோப்பாவில் ஒரு கடைக்குச் சொல்லி கிளட்ச் பிளேட்டும் கேபிள் செட்டும் வரவழைத்தேன். சாமான் விலையைவிடத் தபால் கூலியும் சுங்க வரியும் அதிகம். அட்டைப்பெட்டியை மகன்தான் பிரித்தான். "அப்பா, இதுல மேட் இன் இந்தியான்னு போட்டிருக்கு."

பாய்தான் விஷயத்தைச் சொன்னார். இத்தாலியில் லாம்ப்ரெட்டா 1971-லேயே நின்றுபோக, அந்த மெஷின்களை எல்லாம் நம் அரசாங்கமே வாங்கி லக்னோவில் இறக்கியது. 1972-ல் அதற்கென்று ஆரம்பித்த ஸ்கூட்டர்ஸ் இந்தியா கம்பெனி, விஜய் சூப்பரை விட்டது. 1997 வரை ஸ்கூட்டர் செய்தது. வெள்ளைக்காரனே சாமானுக்கு நம்மிடம் வந்து நிற்கிறான். புதுப்பேட்டையில் நான் மூக்கைச் சுளித்த கிளட்ச் பிளேட், கடல் தாண்டிப் போய், குளிர் பார்த்துவிட்டு, பல மடங்கு விலையோடு என் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தது. ஊர் சுற்றியது அது, செலவு என்னுடையது.

கியர் கேபிள் இரண்டையும் நானே மாட்டினேன். இடது கைப்பிடியைத் திருகி முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி ஒரு விக்கல் விக்கி அணைந்தது. மறுபடியும் விக்கல். கேபிள்களை இடம் மாற்றி மாட்டியிருக்கிறேன், முதல் கியர் இருக்கவேண்டிய இடத்தில் நாலாவது கியர் உட்கார்ந்திருக்கிறது என்று பாய் கண்டுபிடித்தார். "பரவால்ல சார், ரிவர்ஸ்ல போகாம இருந்துச்சே" என்று ஆறுதலும் சொன்னார்.

அதைச் சரி செய்தால், அடியோடு ஸ்டார்ட் ஆக மறுத்தது. எதிர்வீட்டு மாமா வேலியோரம் வந்து, "சேட்டக்தானே? நல்லா சாய்ச்சுட்டு நிமித்தி உதைங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "மாமா, இது லாம்ப்ரெட்டா. பஜாஜுக்கும் வெஸ்பாவுக்கும் இன்ஜின் ஒரு பக்கமா இருக்கும், இதுக்கு நடுவுல. சாய்க்கவே வேண்டியதில்ல" என்று விளக்கினேன். அவர் போனதும் தெருவில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு சாய்த்தேன். நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டி பாதி வழியில் என் மேல் மனசு வைத்தது. நானும் அதுவும் படுத்திருக்க, டேங்க் மூடி வழியாக வேட்டியில் பெட்ரோல் இறங்க, மாமா ஜன்னலிலிருந்து, "நான் சொல்லல?" என்றார்.

அம்மாவின் வழக்கு வேறு. சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பின்னால் போட்டிருந்த கம்பி கார்டை, "இத்தாலி மாடலில் இது கிடையாது" என்று கழற்றிவிட்டேன். "இத்தாலிக்காரி சேலை கட்டுவாளாடா? நான் கட்டுறேன். மாட்டு" என்றாள். மாட்டினேன்.

கடைசியில் பாய் வீட்டுக்கே வந்தார். மேக்னட்டின் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே பாயிண்ட் இரண்டும் திறக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கூடினாலோ குறைந்தாலோ பிளக்கில் ஒழுங்காகப் பொறி வராது. நான் புதிதாக வாங்கிய கேஜை நீட்டினேன். அவர் அதில் எழுதியிருந்த எண்களைப் பார்த்தார். எல்லாம் அங்குலக் கணக்கு. நான் மில்லிமீட்டர் என்று நினைத்து வைத்தவை. "அப்பா ஒரு அட்டை வெச்சிருப்பாரே, அது எங்க?" என்றார்.

நல்லவேளை, எங்கள் வீட்டுக் குப்பையை வெளியே கொண்டுபோகும் பொறுப்பும் என்னுடையது; ஆகையால் அது போகவில்லை. நல்வரவு அட்டையைப் பாயிண்ட் நடுவில் நுழைத்து, ஸ்குரூவை இறுக்கி, உருவிவிட்டு, பாய் ஒரே உதை. தெருவே புகையில் மறைந்தது.

அடுத்தது ஆர்.டி.ஓ. விஷயம். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி போட்டிருக்கிறது. விண்டேஜ் என்று புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். அப்படிப் பதிந்தால் அன்றாடக் காரியத்துக்கு எடுக்கக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், ரிப்பேர், பெட்ரோல் போடுவது, இவற்றுக்குத்தான் ரோட்டில் ஓட்டலாம். படித்ததும் இத்தனை செலவும் வீண்போகவில்லை என்று தோன்றியது. பணத்தைக் கட்டிவிட வேண்டியதுதான் என்று மனைவியைக் கூப்பிட்டு, நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினேன். "பாத்தியா, இனிமே இதுல காய்கறி வாங்கப் போகக் கூடாது. சட்டம்."

அவள் பையை எடுத்து ஹேண்டில்பாரில் மாட்டினாள்.

"பெட்ரோல் போடப் போகலாம்ல? பங்க்குக்குப் பக்கத்துலதான் காய்கறிக் கடை."