ஸ்டெப் மார்க்

கணக்கு வராது என்பதற்காகவே நர்சிங்கில் சேருகிற ஒரு கூட்டம் எல்லாக் காலத்திலும் உண்டு. எண்பதுகளின் கடைசியில், தென் மாவட்டத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றின் நர்சிங் பள்ளியில் நாங்கள் ஜி.என்.எம். சேர்ந்தபோது வகுப்பில் அந்தக் கூட்டத்துக்குத்தான் மெஜாரிட்டி. பத்தாம் வகுப்போடு கணக்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ப்ளஸ் டூவில் ப்யூர் சயின்ஸ் எடுத்து, தவளையையும் கரப்பானையும் அறுத்து முடித்து, இனி ஆயுசுக்கும் பின்னம் கிடையாது என்ற நிம்மதியோடு வெள்ளைச் சீருடை மாட்டியவர்கள். மருந்தியல் வகுப்பில் டியூட்டர் கரும்பலகையில் ஒரு படுக்கைக்கோடு இழுத்தார். கோட்டுக்கு மேலே டாக்டர் எழுதிய அளவு, கீழே கையில் இருக்கிற அளவு, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. பின் பெஞ்சில் ஒருத்தி சன்னமாக "ஐயோ" என்றாள். அது வகுப்பின் ஒருமித்த கருத்து.

அன்றைக்குத் தயாரிப்பு என்றால் மனப்பாடம்தான். ஹாஸ்டலில் பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். பாத்ரூம் போகிற வராந்தாவில் மட்டும் ஒரு குண்டு பல்பு எரியும். தேர்வுக்கு முந்தைய இரவு அதன் கீழே உட்காரவும் சீனியாரிட்டி பார்ப்பார்கள். சீனியர் அக்காக்கள் பழைய கேள்வித்தாள்களை பிரவுன் அட்டை போட்ட நோட்டில் எழுதிவைத்து அடுத்த பேட்சுக்குக் கைமாற்றி விடுவார்கள். அதில் வருடாவருடம் ஒரே நோயாளி: ராமசாமி, வயது 45. அவருக்கு 1000 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். செட்டில் 1 மில்லிக்கு 20 சொட்டு. ஆயிரத்தை இருபதால் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் 41.67. அரைகுறைச் சொட்டு விழாது என்பதால் நிமிடத்துக்கு 42. வகுத்துப் பார்க்க யாருக்குப் பொறுமை? "ராமசாமிக்கு 42" என்று முணுமுணுத்துக்கொண்டே தூங்கப் போய்விடுவோம். ஒரு வருடம் டியூட்டர் பெயரை மாற்றவில்லை, வயதை மாற்றவில்லை, 20 சொட்டு செட்டை மட்டும் 15 சொட்டு ஆக்கினார். விடை 31. பாதி வகுப்பு 42 என்று எழுதிவிட்டு வந்து, ராமசாமி நலமாக இருக்கிறார் என்ற திருப்தியில் டீ குடித்தது.

மனப்பாடத்தில் பெரும்பகுதி வார்டில் எங்கும் கண்ணில் படாத சரக்கு. இந்தியா மெட்ரிக் அளவைகளுக்குச் சட்டம் போட்டது 1956-இல். எங்கள் பாட நோட்டுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. கிரெயின், டிராம், அவுன்ஸ், மினிம் எல்லாம் அதில் சுகமாகக் குடியிருந்தன. 1 கிரெயின் என்பது 60 மில்லிகிராம் என்று ஒரு பக்கம் சொல்லும், 65 என்று இன்னொரு பக்கம் சொல்லும். (குழப்பம் எங்கள் நோட்டோடு நிற்கவில்லை. அதே 5 கிரெயின் ஆஸ்பிரின்தான் பிரிட்டனில் 300 மில்லிகிராம் மாத்திரையாகவும் அமெரிக்காவில் 325 ஆகவும் இன்றுவரை விற்கிறது.) அட்ரோபின் ஆம்பியூலில் 0.6 மில்லிகிராம் என்று ஏன் இப்படி ஒரு இரண்டுங்கெட்டான் எண் என்று யோசித்த நர்ஸ்கள் பலர் உண்டு. ஒரு கிரெயினில் நூறில் ஒரு பங்கு, அவ்வளவுதான். பைண்ட் கதை இன்னும் வேடிக்கை. தேர்வில் ஒரு பைண்ட் 568 மில்லி. வார்டில் அரை லிட்டர் பாட்டிலுக்குத்தான் பைண்ட் என்று பெயர், இன்றைக்கும் "ரெண்டு பைண்ட் என்.எஸ். போயிருக்கு சிஸ்டர்" என்றுதான் டியூட்டி மாற்றிக்கொள்கிறார்கள்.

குழந்தைகளுக்கான கணக்கில் மூன்று வெள்ளைக்காரர்கள் குறுக்கே வருவார்கள்: யங், கிளார்க், ஃப்ரைட். யங் வயதைக் கேட்பார், கிளார்க் எடையைப் பவுண்டில் கேட்பார், ஃப்ரைட் கைக்குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்பார். பெரியவருக்கு 500 மில்லிகிராம் என்றால் 6 வயதுப் பிள்ளைக்கு யங் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 167. அதே பிள்ளை நம்மூர்ப் பிள்ளையாக, 16 கிலோ, அதாவது 35 பவுண்டு இருந்தால் கிளார்க் கணக்கில் 117. எது சரி என்று ஒருத்தி எழுந்து கேட்டாள். "கேள்வியில எந்தப் பேர் போட்டிருக்கோ அது சரி" என்றார் டியூட்டர். குழந்தைகள் வார்டுக்குப் போனால் டாக்டர் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதி வைத்திருப்பார். அந்த மூவரையும் அங்கே யாரும் தேடவில்லை.

இத்தனைக்கும் மேலே ஸ்டெப் மார்க் என்று ஒரு கருணை இருந்தது. ஒரு கணக்குக்கு 5 மார்க். சூத்திரம் எழுதினால் 2, எண்களைப் பொருத்தினால் 1, வகுத்துக் காட்டினால் 1, விடைக்கு 1. புள்ளியை ஓரிடம் தள்ளிப் போட்டு அரை மில்லிக்குப் பதில் 5 மில்லி என்று முடித்தவளுக்கும் 5-க்கு 4. நோயாளி பத்து மடங்கு மருந்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். மாணவி 80 சதவீதத்தில் தேறிவிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்தே ஸ்டெப் மார்க்கில் வளர்ந்த எங்களுக்கு இதில் விபரீதம் எதுவும் தெரியவில்லை. விடையும் சரியாக இருந்தால்தான் முழு மார்க் என்பது கொஞ்சம் கண்டிப்பாகக்கூடப் பட்டது.

டியூட்டருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு வகுப்புத் தேர்வில் ஜென்டாமைசின் கணக்கு வந்தது. ஆம்பியூலில் 2 மில்லிக்கு 80 மில்லிகிராம். குழந்தைக்கு வேண்டியது 20. விடை அரை மில்லி. எங்கள் வகுப்பில் ஒருத்தி பின்னத்தைத் தலைகீழாகப் போட்டு, 80-ஐ 20-ஆல் வகுத்து, இரண்டால் பெருக்கி, 8 மில்லி என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தாள். டியூட்டர் திட்டவில்லை. கையில் ஒரு கிட்னி டிரேயைக் கொடுத்து, "எட்டு மில்லி வேணும்னு எழுதியிருக்கியே, வார்டுல போய்க் கேட்டு எடுத்துட்டு வா" என்றார். அவள் போனாள். ஸ்டாஃப் சிஸ்டர் ஒவ்வொன்றாக நான்கு ஆம்பியூலை டிரேயில் அடுக்கிவிட்டு, "எத்தனை குழந்தைக்கு?" என்று கேட்டாராம். "ஒரு குழந்தைக்கு, ஒரு வேளைக்கு" என்று சொல்லத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டாள். நான்கையும் அலமாரியில் வைத்துவிட்டு வெறும் டிரேயோடு திரும்பி வந்தாள். ஒரு வேளை மருந்துக்கு இரண்டுக்கு மேல் ஆம்பியூல் உடைக்க வேண்டியிருந்தால் கையை நிறுத்து, கணக்கைத் திரும்பப் பார் என்று டியூட்டர் அன்றைக்குச் சொன்னது எந்தப் பாடப் பகுதியிலும் வரவில்லை. அதற்கு மார்க்கும் இல்லை.

வார்டு வேறு உலகம். விடை 42 என்று தெரிந்தால் மட்டும் போதாது. சொட்டு அறையை உற்றுப் பார்த்து, மார்பில் குத்தியிருக்கும் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்து, கட்டை விரலால் உருளையை நகர்த்தி, கால் நிமிடத்துக்குப் பத்து, பதினொன்று என்று எண்ணி நிறுத்த வேண்டும். பாட்டில் மேல் நெடுக்காக ஒரு பிளாஸ்டர் துண்டு ஒட்டி, மணிக்கொரு கோடு போட்டு, 10, 11, 12 என்று எழுதி வைப்போம். நோயாளி கையை மடக்கினால் சொட்டு நிற்கும். பார்க்க வந்த மாமியார் "மெதுவா போகுதே" என்று உருளையைத் திருப்பினால் கொட்டும். எந்தக் கேள்வித்தாளிலும் மாமியார் இடம்பெற்றதில்லை.

இப்போது அண்ணன் மகள் பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறாள். 2021-இல் இந்திய நர்சிங் கவுன்சில் அறிவித்த புதிய பாடத்திட்டத்தில் வருடக் கணக்கு போய் செமஸ்டர் வந்தாயிற்று. அவளும் ப்யூர் சயின்ஸ்தான், குடும்ப வழக்கம். அவளுடைய தேர்வுத் தயாரிப்பில் வராந்தா பல்பு கிடையாது. படுத்த இடத்திலேயே யூடியூப்: ஒரு மலையாளி சேச்சி, ஒரு அமெரிக்க நர்ஸ், ஒரு பிலிப்பைன்ஸ்காரர், ஒரே கணக்கை மூன்று விதமாக. அமெரிக்கர் சூத்திரமே வேண்டாம் என்கிறார். அலகுகளை வரிசையாக எழுது, மேலும் கீழும் ஒன்றானதை அடித்துக்கொண்டே வா, கடைசியில் நிற்கிற அலகு கேட்ட அலகுதானா என்று பார். உண்மையிலேயே நல்ல முறை. தலைகீழ்ப் பின்னத்தை அங்கேயே பிடித்துவிடும். ஆனால் மூன்று வீடியோவையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்து முடித்தவள் ஒரு கணக்கைக்கூடத் தாளில் போட்டிருக்கவில்லை. சமையல் வீடியோ பார்த்தே வயிறு நிறைகிற மாதிரி.

"அத்தை, இதெல்லாம் மருந்து ஏத்துற பம்ப்பே போட்டுடும். எடையும் டோஸும் அடிச்சாப் போதும்."

"அப்ப எதுக்கு டெஸ்ட் வைக்கிறாங்க?"

"அதான் எனக்கும் புரியல."

உட்கார வைத்து ஒன்று போடச் சொன்னேன். 60 கிலோ நோயாளி, டோபமின், கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம். சிரிஞ்சில் 50 மில்லிக்கு 200 மில்லிகிராம். நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம், மணிக்கு 18,000, அதாவது 18 மில்லிகிராம். 1 மில்லியில் 4 மில்லிகிராம் இருக்கிறது. ஆக மணிக்கு 4.5 மில்லி. அவளுக்கு 45 வந்தது. "50 மில்லி சிரிஞ்ச் எத்தனை மணி நேரம் வரும்?" என்று மட்டும் கேட்டேன். ஒரு மணி நேரம் சொச்சம் என்று சொல்லிவிட்டு, தானே பென்சிலை எடுத்தாள். மருந்துப் பட்டியல் ஏற்றிய பம்ப் என்றால் இந்த 45-க்குக் கத்தியிருக்கும். சாதாரண பம்ப் 45 என்று அழுத்தினால் மரியாதையாக 45 மில்லியையே ஏற்றும்.

அந்தப் பம்ப்பும் எல்லா இடத்திலும் இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் உறை போட்டு ஒன்று இருக்கிறது. போஸ்டிங் போகிற ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் இருக்கிறது. பொது வார்டில் அதே சொட்டு அறை, அதே உருளை, அதே மாமியார். போனை வார்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. ஸ்மார்ட் வாட்ச் கட்டக் கூடாது. ஆக, செயற்கை நுண்ணறிவு காலத்து மாணவி ஒருநாள் வந்து, "உங்க குத்துற வாட்ச் இருக்கா அத்தை? விநாடி முள் ஓடுமா?" என்று கேட்டாள். ஓடாது. பேட்டரி போட்டுக் கொடுத்தேன்.

பின்னாளில் என்னிடம் நர்சிங் படித்தவர்களில் சிலர் பிரிட்டனில் வேலை பார்க்கிறார்கள். அங்கே பதிவு பெற வெளிநாட்டு நர்ஸ்கள் எழுதும் கணினித் தேர்வில் 2021 ஆகஸ்டிலிருந்து கணக்கு தனிப் பகுதி: 30 நிமிடம், 15 கேள்வி. மற்ற பகுதியில் எவ்வளவு அள்ளிக் குவித்தாலும் இதைத் தனியாகத் தாண்டியாக வேண்டும். அந்த நாட்டிலேயே நர்சிங் படிக்கிறவர்களுக்கோ மருந்துக் கணக்கில் பாஸ் மார்க் நூற்றுக்கு நூறு. இதைச் சொன்னதும் அண்ணன் மகள் கேட்ட முதல் கேள்வி: "ஸ்டெப் மார்க் கிடையாதா?"

அவர்கள் கண்டிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் நூறு வாங்கினாலும் தீராத ஓரிடம் உண்டு. 2006-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஒரு மருத்துவமனையில் பச்சைக் குழந்தைகளுக்கு, மில்லிக்கு 10 யூனிட் ஹெபரின் போக வேண்டிய இடத்தில் 10,000 யூனிட் குப்பி போய், 3 குழந்தைகள் இறந்தன. இரண்டு குப்பியின் லேபிளும் நீலம். மறு வருடம் லாஸ் ஏஞ்சலிஸில் நடிகர் டெனிஸ் குவெய்டின் இரட்டைக் குழந்தைகளுக்கும் அதே தவறு நேர்ந்தது, அவர்கள் பிழைத்தார்கள். இதில் யாரும் வகுத்தலில் தோற்கவில்லை. கோட்டுக்குக் கீழே வர வேண்டிய எண், அதாவது கையில் இருக்கிற அளவு, அதைப் படிக்கவில்லை. தேர்வில் அந்த எண்ணைக் கேள்வித்தாளே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் எத்தனை தேர்வு வைத்தாலும் அந்தப் பழக்கம் தானாக வருவதில்லை.

போன மாதம் அம்மாவுக்கு இன்சுலின் சிரிஞ்ச் வாங்கி வந்தார் அண்ணன். அட்டையைப் பிரித்த அவர் மகள், "பாட்டி, இருங்க" என்று கையைப் பிடித்தாள். இன்சுலின் பாட்டிலில் மில்லிக்கு 40 யூனிட். சிரிஞ்சில் ஆரஞ்சு மூடி, அது 100-க்கு உரியது. 40-க்குச் சிவப்பு மூடி. இந்த சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்திருந்தால் பாட்டிக்குப் போயிருப்பது 8 யூனிட்தான். எதிர்ப்புறமாக, 100 இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் 20-க்குப் பதில் 50 போகும். தாளும் பென்சிலும் இல்லாமல் இதைச் சொன்னாள். செமஸ்டர் தேர்வில் என்ன மார்க் வருமோ, எனக்குக் கவலை இல்லை.

நர்ஸ் இல்லாத வீடுகளுக்கு ஒரு வார்த்தை. குழந்தைக் காய்ச்சலுக்கு வாங்கும் பாரசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250. டாக்டர் 150 மில்லிகிராம் என்று சொன்னால் அது முதலாவதில் ஒன்றரை மில்லி, இரண்டாவதில் 6, மூன்றாவதில் 3. பழைய பாட்டில் தீர்ந்து புதியது வாங்கும்போது பெயரை மட்டும் பார்க்காமல் அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள். புரியவில்லை என்றால் கடைக்காரரிடமோ நர்ஸிடமோ கேளுங்கள், வெட்கமில்லை. பாட்டிலோடு வரும் அளவு மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். சமையலறை ஸ்பூனால் மருந்து அளக்காதீர்கள்.